பன்னிரண்டு பவுண் பட்டம்

மருத்துவபீடத்துக்கு எனக்கு ஏழு புள்ளிகள் குறைந்துவிட்டன. 1983இல் உயர்தரப் பரீட்சை எழுதினேன். அடுத்த வருடம் பெறுபேறு வந்தபோது, யாழ்ப்பாண மாவட்டத்துக்கான வெட்டுப்புள்ளி எனக்கு எட்டாத உயரத்தில் நின்றது. இதே புள்ளிகளோடு வேறு மாவட்டத்தில் ஒருத்தி வைத்தியராகியிருப்பாள். இதைச் சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அலுத்துவிட்டது. ஆகவே இங்கே ஒருமுறை மட்டும் எழுதிவிட்டு மேலே போகிறேன்.

ஐயாவுக்கு நீர்வேலியில் வாழைத்தோட்டம். சுன்னாகம் சந்தைக்குக் குலை கொண்டுபோன ஒரு நாள், வழக்கத்தைவிட வேகமாகச் சைக்கிள் மிதித்து வந்தார். வந்ததும் வராததுமாக அம்மாவைக் கூப்பிட்டார்.

"மனசுக்கு வைத்தியம் பாக்கிற படிப்பொண்டு இந்தியாவிலை இருக்காம். மூண்டு வருசம். டொக்டருக்கு அடுத்தது உதுதானாம்."

"ஆர் சொன்னது?"

"குலை வாங்கிற முதலாளி. அவற்றை பெடியன் மெட்ராசிலைதானே படிக்கிறான்."

"அவன் என்ன படிக்கிறான்?"

"கொமேர்ஸ்."

"கொமேர்ஸ் படிக்கிறவனுக்கு டொக்டரைப் பற்றி என்ன தெரியும்?" என்றார் அம்மா. ஆனாலும் அடுப்பிலிருந்த உலையை இறக்கி வைத்துவிட்டு வந்து குந்தினார். அதிலிருந்தே அவருக்கும் விருப்பம் என்று எனக்கு விளங்கிவிட்டது.

நான் இரண்டாம் தரம் பரீட்சை எழுதியிருக்கலாம். ஆனால் வளர்ந்த பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கவே பெற்றோர் பயந்த காலம் அது. எங்கள் ஒழுங்கையில் பெடியன்கள் ஒவ்வொருவராகக் காணாமற் போனார்கள். சிலர் ஜேர்மனிக்கு, சிலர் எங்கே என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத இடத்துக்கு. ஒரு பெண்பிள்ளையை இந்தியாவுக்குப் படிக்க அனுப்புவது அப்போது பத்திரமான காரியமாகத் தெரிந்தது.

இலங்கையில் பல்கலைக்கழகம் இலவசம். படிப்புக்கு விலை உண்டு என்பதே எங்கள் ஊருக்குப் பழக்கமில்லாத யோசனை. சீதனத்துக்கு என்ன விலை, வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனுக்கு என்ன விலை என்பதெல்லாம் சந்தையில் குலை விலை போல எல்லாருக்கும் தெரியும். ஒரு பட்டத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம், கொடுத்தது எத்தனை வருடத்தில் திரும்பி வரும் என்று கேட்க ஆள் இருக்கவில்லை. சென்னைக் கல்லூரி நன்கொடை என்று ஒரு தொகை கேட்டது. அதைவிட விடுதி, சாப்பாடு, கொழும்பிலிருந்து விமானம். ஐயா தோட்டத்துக் காசையெல்லாம் கூட்டிப் பார்த்தார். பாதிக்குமேல் குறைந்தது. அம்மாவின் நகைகள் அதற்கு முந்திய வருடம் அக்காவின் கலியாணத்தோடு போய்விட்டன.

சின்னம்மா, அம்மாவின் தங்கை, அடுத்த ஒழுங்கையில் இருந்தார். தபாற்கந்தோரில் வேலை செய்த சித்தப்பா மாரடைப்பில் இறந்துபோக, பத்து வயது மகளோடு தனியே இருந்தவர். அவர் ஒரு பழைய நெஸ்ரமோல்ற் மாத் தகரப்பேணியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பேணிக்குள் பன்னிரண்டு பவுண் இருந்தது: ஒரு அட்டியல், ஒரு பதக்கச்சங்கிலி, ஒரு சோடிக் காப்பு. மகளின் கலியாணத்துக்கென்று வைத்திருந்தவை.

எங்கள் பக்கத்தில் இனசனத்துக்கு உதவி செய்வது பெரும்பாலும் இப்படித்தான். காசாகக் கொடுப்பதில்லை, நகையாகக் கொடுப்பார்கள். வாங்கியவர் அதைக் கொண்டுபோய் அடைவு வைத்துக் காசெடுத்து, வட்டியைத் தானே கட்டி, வசதி வரும்போது மீட்டு, அதே நகையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். கொடுத்தவர் ஒரு சதம் வட்டி வாங்கமாட்டார். நகை போய்விட்டால் அதே நிறைக்குப் பவுண் வாங்கிக் கொடுக்கவேண்டும். ரூபாய் அந்தக் கணக்குக்குள் வராது.

"அத்தான், அடைவு என்ரை பேரிலை இருக்கட்டும்" என்றார் சின்னம்மா. "உங்களை நம்பாமல் இல்லை. நாளைக்கு ஆரேன் கேட்டால், என்ரை நகை பாங்கிலை பத்திரமாக் கிடக்குது எண்டு சொல்லலாம். அதுவும் பொய்யில்லைத்தானே?"

"அதுவும் சரிதான் மச்சாள்."

பிறகு, கூட வந்திருந்த மகளை அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இவளுக்கு இப்பதான் பத்து. இவளின்ரை கலியாணத்துக்கிடையிலை ஒரு டொக்டருக்கு உது என்ன பெரிய காசே?"

"நான் டொக்டர் இல்லைச் சின்னம்மா. சைக்கோலொஜி."

"உதைத்தான் நானும் சொல்லுறன்."

தங்கச்சி, அதாவது சின்னம்மாவின் மகள், அட்டியலைப் பள்ளிக்கூடச் சட்டைக்கு மேலே போட்டுக்கொண்டு கேற்றடி வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தாள். சின்னம்மா கழற்றி வாங்கும்போது, "அக்கா டொக்டரா வந்த பிறகு எனக்கு இன்னும் பெரிசா வாங்கித் தருவா" என்றாள். நான் தலையாட்டினேன்.

சென்னையில் மூன்று வருடம் நன்றாகவே படித்தேன். பொருளற்ற மூன்றெழுத்துச் சொற்களை ஒரு பெண்ணுக்குக் காட்டி, அவற்றை அவள் எவ்வளவு நேரத்தில் மறக்கிறாள் என்று அளந்து எழுதும் பரிசோதனைகள் எனக்குப் பிடித்திருந்தன. மறதிக்கும் ஒரு வளைவு உண்டு, அதைக் கோடு போட்டுக் காட்டலாம் என்பது பெரிய ஆறுதலாக இருந்தது. எல்லாம் ஆங்கிலத்தில். முதல் வருடம் அகராதி இல்லாமல் ஒரு பக்கம் தாண்ட முடியவில்லை. மூன்றாம் வருடம் கனவும் ஆங்கிலத்தில் வந்தது.

அந்த மூன்றாம் வருடத்தில்தான் ஒரு விரிவுரையாளர் வகுப்பில் சாதாரணமாகச் சொன்னார்: இந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவருக்கும் சிகிச்சை செய்ய முடியாது, முதுகலை இரண்டு வருடம், அதன் பிறகு பயிற்சி. வகுப்பில் மற்றவர்களுக்கு இது தெரிந்திருந்தது. நான் அன்றே வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். ஐயாவின் பதில் ஆறு கிழமை கழித்து வந்தது. "முதலில் வந்து ஒரு அரசாங்க வேலையில் ஏறிக்கொள். நகையை மீட்டபின் மிச்சத்தைப் படிக்கலாம்" என்று எழுதியிருந்தார். பட்டதாரி என்றால் ஆசிரியர் நியமனம் கிடைக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும் இருக்கவில்லை.

1987இல் முதல் வகுப்பில் சித்தியடைந்து ஊருக்கு வந்தேன். வந்த சில மாதங்களில் மறுபடியும் சண்டை தொடங்கியது. அது சற்று ஓய்ந்த பிறகு, யாழ்ப்பாண நகரத்தில் கல்விக் கந்தோருக்குப் போனேன். விண்ணப்பங்களை வாங்கும் மேசையில் கண்ணாடி போட்ட ஒரு வயதான எழுதுவினைஞர் இருந்தார்.

"என்ன பட்டம் தங்கச்சி?"

"பீ.ஏ. சைக்கோலொஜி."

"அது விளங்குது. பாடம் என்ன?"

"அதுதான் பாடம்."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நான் கேக்கிறது, பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிற பாடம். தமிழ், சமயம், புவியியல், உப்பிடி ஏதும் கிடக்கோ?"

"இல்லை."

அவர் பக்கத்து மேசைக்குத் திரும்பினார். "அண்ணை, சைக்கோலொஜிக்கு எங்கையேன் வெற்றிடம் கிடக்கோ?"

பக்கத்து மேசைக்காரர் எழுதுவதை நிறுத்தாமலே சொன்னார்: "எங்கடை கந்தோரிலைதான் கிடக்கு. பெரியவரிலை இருந்து தொடங்கலாம்."

அறை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பட்டத்தைக் கொழும்பில் ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டு ஒரு கடிதம் எடுக்கவேண்டும், எடுத்தாலும் பாடம் இல்லாதபடியால் நியமனம் கிடையாது என்று விளக்கிவிட்டு, விண்ணப்பத்தை அவர் மரியாதையாகத் திருப்பித் தந்தார். பாடம் என்ன என்ற அந்த ஒரு கேள்வியை நாலு வருடத்துக்கு முன்னர் எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. பட்டம் என்றால் பட்டம் என்று நினைத்திருந்தோம்.

வேலை தந்தவர் குருநகரில் ஒரு பாதிரியார். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெண்சாதிகளும், பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களின் தாய்மாரும் வந்து இருந்து கதைப்பதற்கென்று, கோயிலோடு சேர்ந்த ஒரு மண்டபத்தை அவர் திறந்து வைத்திருந்தார். மனோதத்துவம் படித்த ஒருத்தி இருக்கிறாள் என்று யாரோ சொல்லி, ஆள் அனுப்பிக் கேட்டார். மாதம் ஒரு சிறு அலவன்ஸ்.

"வேதக்காரரிட்டையோ?" என்றார் ஐயா.

"சம்பளம் எவ்வளவு எண்டு கேளுங்கோ. அவை ஆரைக் கும்பிட்டால் எங்களுக்கென்ன?" என்றார் அம்மா.

தொகையைச் சொன்னேன். ஐயா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்.

நீர்வேலியிலிருந்து குருநகருக்குச் சைக்கிளில் போய் வந்தேன். முதல் மாதம் பெண்கள் என்னை நம்பவில்லை. மீன் விற்கும் ஒரு அம்மா, கடகத்தை வாசலில் இறக்கி வைத்துவிட்டு வந்து, எனக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்தார்.

"பிள்ளை, ஒண்டு கேக்கட்டே? கோவிக்கமாட்டீரே?"

"கேளுங்கோ அம்மா."

"உமக்கு உதுக்குக் காசு தருகினமோ? எங்களோடை கதைக்கிறதுக்கு?"

"ஓம். கொஞ்சம்."

"நானும் விடியத் தொடக்கம் சந்தையிலை கத்திக் கத்திக் கதைக்கிறன். எனக்கு ஒருத்தரும் தாறேல்லையே!" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கிய பிறகு, மூத்த மகனின் சேட்டு ஒன்றைத் துவைக்காமல் வைத்திருப்பதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நான் சென்னையில் படித்தபடி, குறுக்கிடாமல், "அழாதேங்கோ" என்று சொல்லாமல், அவர் சொன்னதில் எது அவரை அதிகம் வருத்துகிறதோ அதை மட்டும் திருப்பிச் சொல்லிக் கேட்டேன். அவர் ஒரு மணித்தியாலம் கதைத்தார். மீன் நாறிவிட்டது என்று என்னை ஏசிக்கொண்டே எழும்பிப் போனார். அடுத்த கிழமை இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அந்த வேலை எனக்குக் கைவந்தது. இதை அடக்கம் பார்க்காமல் எழுதலாம். ஆனால் கைவந்த வேலையால் நகை மீளவில்லை. ஒரு பவுண் வாங்க என்னுடைய ஐந்து மாத அலவன்ஸ் வேண்டும், அதுவும் சாப்பிடாமல், சைக்கிளுக்கு ரியூப் மாற்றாமல் இருந்தால். என்னோடு படித்து உயர்தரத்தில் சித்தியடையாத ஒருத்தி, வீட்டில் இரண்டு தையல் மெசின் போட்டுச் சட்டை தைத்தாள். அவள் ஒரு தீபாவளிக்கு உழைத்ததை நான் ஆறு மாதத்திலும் உழைக்கவில்லை. அடைவுக்கு வருடாவருடம் வட்டியை ஐயா கட்டி, வங்கி தந்த அடைவுத் துண்டை, அதாவது ரசீதை, மாற்றி வைத்துக்கொண்டு வந்தார். முதல் அப்படியே இருந்தது.

சின்னம்மா ஒருநாளும் நகையைக் கேட்டதில்லை. எங்கள் வீட்டுக்கு வரும்போது, மழையைப் பற்றிச் சொல்வதைப்போல, "பவுண் ஏறிப்போச்சாம்" என்று மட்டும் சொல்வார். அம்மா தேத்தண்ணி போடப் போவார்.

1990இல் சண்டை திரும்பவும் தொடங்கியது. தெற்குக்கான பாதை மூடப்பட்டது. கொழும்புக்குப் போகவேண்டிய வாழைக்குலைகள் சுன்னாகத்திலேயே பழுத்துக் கறுத்தன. குலை வாங்கும் முதலாளி வெளிநாட்டுக்கே போய்விட்டார். ஐயா சில நாட்களில் குலையைத் திருப்பிக் கொண்டுவந்து மாட்டுக்குப் போட்டார். நகை அடைவிலிருந்த வங்கி, தன் பெட்டகத்தில் இருந்தவற்றைப் பாதுகாப்புக்காகக் கொழும்புக்கு மாற்றிவிட்டது. இனி மீட்பதானால் கொழும்பில்தான், துண்டுக்குரியவர் நேரில் வரவேண்டும், அதுவரை நகைக்கு ஒன்றும் நடக்காது என்றார்கள். வட்டி கட்டவும் வழி இல்லாமற் போயிற்று.

எனக்கு உழைப்பைக் கொண்டுவந்தது கடைசியில் ஆங்கிலம்தான். கனடாவுக்கும் லண்டனுக்கும் போகக் காத்திருந்தவர்கள் ஆங்கிலம் கதைக்கப் பழக ஆசைப்பட்டார்கள். பின்னேரங்களில் எங்கள் வீட்டு விறாந்தையில் ரியூசன் வைத்தேன். முதலில் நாலு பேர், பிறகு இருக்க வாங்குப் பலகை போதாமல் நிலத்தில் சாக்கு விரித்தோம். பட்டத்துக்காகப் பட்ட கடனில், அந்தப் பட்டம் எந்த மொழியில் நடந்ததோ அதற்கு மட்டும் விலை கிடைத்தது. குருநகர் வேலையை நான் விடவில்லை. அங்கே கரையோரத்தில் செல் குண்டுகள் விழத் தொடங்கி, மண்டபத்தைக் கரையை விட்டு உட்பக்கத்துக்கு மாற்றிய பிறகும் போனேன். ஆனால் மாதம் முடிய மிச்சமாக நின்றது ரியூசன் காசு.

1993இல் சின்னம்மா ஒரு காலை வந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார்.

"இவளுக்கு ஒரு கலியாணம் பொருந்தியிருக்கு. கனடா. நல்ல இடம், சாதகமும் சரி. மாப்பிளை கொழும்புக்கு வந்துதான் கட்டுவாராம். வாற தையிலை." கொஞ்ச நேரம் விரலைப் பிசைந்துகொண்டிருந்தார். "காசு ஒண்டும் கேக்கேல்லை. நகை மட்டும் கேட்டவை. பன்னிரண்டு பவுண் எண்டு நான்தான் சொன்னனான். இருக்கிறதைத்தானே சொல்லலாம்?"

"மீட்டுத் தாறன் சின்னம்மா" என்றேன்.

"நான் கேக்கக்கூடாது எண்டுதான் இவ்வளவு நாளும் இருந்தனான் பிள்ளை."

"தெரியும்."

அன்று பின்னேரம் ஐயாவும் நானும் கணக்குப் பார்த்தோம். 1984இல் வாங்கிய முதல். கடைசியாக வட்டி கட்டிய வருடத்திலிருந்து இன்றைக்கு வரையான வட்டி. தனித்தனியே போட்டுப் பார்த்தோம். இருவருக்கும் ஒரே தொகை வந்தது. என்னிடம் இருந்த ரியூசன் காசு அதற்குப் போதும். வழிச்செலவுக்கும் கொஞ்சம் மிஞ்சும். ஐயா இரண்டாம் முறையும் கூட்டிப் பார்த்துவிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, பல வருடங்களுக்குப் பிறகு என் தலையில் கையை வைத்தார்.

எங்கள் ஊரில் கடனுக்கு வட்டி என்றால் முதலுக்கு மட்டும்தான் வட்டி. கட்டாத வட்டிக்கும் வட்டி போடுகிறவனை மனிதனாக மதிப்பதில்லை. ஐயா பிறந்ததிலிருந்து பார்த்த கடன் எல்லாம் அந்தக் கடன்தான். எனக்கோ புள்ளிவிபரவியலில் எண்பத்தாறு புள்ளி. ஆனாலும் நானும் அப்படியே போட்டேன். வேறுவிதமாகப் போடலாம் என்று தோன்றவில்லை.

யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போக இயக்கத்திடம் பாஸ் வேண்டும். நான் திரும்பி வருவேன் என்று ஐயா பிணை நின்றார். சின்னம்மா, தங்கச்சி, நான், மூவரும் கிளாலியில் படகேறினோம். கடற்படை சுடும் அந்த இரவுக் கடலைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு நினைவிருப்பது, யாழ்ப்பாணத்தை விட்டு ஒருநாளும் வெளிக்கிட்டிராத சின்னம்மா, அடைவுத் துண்டை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, சட்டைக்குள் வைத்து, கரை வரும்வரை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டே இருந்தது.

கொழும்பு வங்கியில் எங்களைக் கவனித்த பெண் நல்லவர். ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு வருடமும் கட்டாமல் விட்ட வட்டி முதலோடு சேர்க்கப்பட்டிருந்தது. சேர்ந்ததற்கு மேல் அடுத்த வருட வட்டி. அதற்குமேல் தவணை தப்பியதற்குத் தண்டம், பாதுகாப்புக் கட்டணம் என்று இரண்டு. மொத்தத்தை எழுதிக் காட்டினார். என்னிடம் இருந்தது அதில் மூன்றில் இரண்டு பங்கு.

"என்னவாம்?" என்றார் சின்னம்மா.

சொன்னேன்.

"கொஞ்சத்தைக் கட்டிக் கொஞ்சத்தை எடுக்கேலாதோ?"

கேட்டேன். எல்லாம் ஒரே துண்டில் வைத்தபடியால் அப்படிப் பிரிக்க முடியாது என்றார். தவணையும் எப்போதோ முடிந்திருந்தது. வடக்கு நிலைமையை யோசித்துத்தான் இதுவரை ஏலத்துக்குப் போகாமல் வைத்திருக்கிறார்கள், அடுத்த பட்டியலில் வந்துவிடும் என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். செட்டியார் தெருவிலிருந்து ஒரு நகைக்கடைக்காரரைக் கூட்டி வந்தால், அவர் குறைகிற தொகையை மேசையிலேயே கட்டி, அதற்கு ஈடாக ஒரு நகையை எடுத்துக்கொண்டு போவாராம். பலர் அப்படித்தான் செய்கிறார்களாம்.

மறுநாள் அந்த மனிதர் வந்தார். சின்னத் தராசு ஒன்றைக் கையோடு கொண்டுவந்தார். காப்புச் சோடியைத் தெரிவு செய்தார். நாலு பவுண். சின்னம்மா கையெழுத்துப் போட்டார். மிஞ்சியவற்றை எங்கள் கையில் தந்தபோது அட்டியலும் சங்கிலியும் நாங்கள் வைத்தபடியே மினுங்கின. பத்து வருடத்தில் அவற்றில் ஒரு கீறலும் இல்லை.

"காப்பை நான் வாங்கித் தருவன் சின்னம்மா" என்றேன்.

"ஓம் பிள்ளை" என்றார். அட்டியலையும் சங்கிலியையும் துண்டு இருந்த பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்தார்.

அதே கிழமை நான் ஒரு நேர்முகத்துக்கும் போனேன். போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உளவளத்துணை செய்ய வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று ஆள் தேடியது. பாதிரியார்தான் கடிதம் தந்து அனுப்பினார். அவர்கள் சொன்ன மாதச் சம்பளத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் ஒரு சோடிக் காப்பு வாங்கலாம். என் அனுபவத்தைப் பற்றி ஒரு மணித்தியாலம் கேட்டார்கள். குருநகர்ப் பெண்களைப் பற்றி நான் சொன்னதை இரண்டு பேர் குறித்துக்கொண்டார்கள். கடைசியில் தலைவராக இருந்தவர் என் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பீ.ஏ. பட்டத்தோடு இந்தப் பதவிக்கு எடுக்க விதி இடங்கொடுக்காது, முதுகலை முடித்துவிட்டு வந்தால் சந்தோசமாக எடுப்போம் என்றார். இரண்டு வருடப் படிப்பு, இன்ன தொகை. அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது எத்தனை பவுண் என்று என் மனம் பிரித்துப் பார்த்துவிட்டது. நன்றி சொல்லி எழும்பினேன்.

கலியாணம் வெள்ளவத்தையில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. பெண்ணை அலங்கரித்த அறைக்குள் மாப்பிள்ளையின் தமக்கை வந்தார். தங்கச்சியின் கழுத்தைப் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார்.

"கைக்கு ஒண்டும் இல்லையோ மாமி?"

"காப்பு பிறகு வரும்" என்றார் சின்னம்மா.

"எப்ப?"

"இவள் தருவாள்." சின்னம்மா என்னைக் காட்டினார்.

"இவ என்ன செய்யிறா?"

"மனசுக்கு வைத்தியம் பாக்கிறா."

"அப்ப நல்ல உழைப்பாக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார். தங்கச்சி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "விடுங்கோ அக்கா, கண்ணாடிக் காப்பு வடிவாத்தான் இருக்கு" என்று கையை ஆட்டிக் காட்டினாள்.

நானும் சின்னம்மாவும் திரும்பி ஊருக்கு வந்தோம். ரியூசன் தொடர்ந்தது, ஆனால் வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள், போகக்கூடியவர்கள் எல்லாரும் போய்விட்டபடியால். அந்த ஒன்றரை வருடத்தில் நான் சேர்த்தது முக்கால் பவுண் அளவு. சின்னம்மா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். பவுண் விலையை இப்போது நானே விசாரித்து அறியவேண்டியிருந்தது.

1995 ஐப்பசி முடிவில், ஆமி எங்கள் பக்கத்துக்கு முன்னேற, எல்லாரோடும் நாங்களும் ஊரை விட்டு வெளிக்கிட்டோம். எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் ஒரே வீதியால் நடந்தது. சேர்த்து வைத்த காசு தென்மராட்சியில் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் போனது. கொடிகாமத்துக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இடம் கிடைத்தது. மூன்று நாள் கழித்துச் சின்னம்மாவும் அதே பள்ளிக்கூடத்துக்குத் தனியே வந்து சேர்ந்தார். அம்மா எழும்பிப் போய்ப் பாயைத் தள்ளிப் போட்டு இடம் ஒதுக்கினார். சின்னம்மா தலையை ஆட்டிவிட்டு, மண்டபத்தின் மற்ற அந்தத்தில், யன்னலடியில் தன் பையை வைத்தார். அக்காவும் தங்கையும் இரண்டு கிழமையாக அப்படியே இருந்தார்கள். தண்ணிக்கு வரிசையில் நிற்கும்போதும் இடையில் நாலைந்து பேரை விட்டே நின்றார்கள்.

குருநகர்ப் பாதிரியாரும் அந்தப் பக்கத்துக்குத்தான் வந்திருந்தார். என்னைத் தேடி வந்து, ஏதாவது தொடங்கச் சொன்னார். அலவன்ஸ் என்ற பேச்சு இல்லை, நானும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பின் வகுப்பறையில் ஒரு மூலையை மறைத்து, இரண்டு பாய் விரித்து, காலையில் இருந்தேன். வழியில் தகப்பனை விட்டுவிட்டு வந்தவர்கள், குழந்தைக்குப் பால் இல்லாதவர்கள், கதைக்கவே மறந்துபோனவர்கள், ஒவ்வொருவராக வந்து முன்னால் இருந்தார்கள். ஒருவருக்கும் நான் ஒன்றும் கொடுக்கவில்லை, கொடுக்க இருக்கவுமில்லை.

ஒரு காலை அந்த வரிசையில் சின்னம்மா நின்றார். முறை வந்ததும் மறைப்பை விலக்கிக்கொண்டு வந்து, மற்றவர்களைப் போலவே பாயில் இருந்தார்.

"உன்ரை சின்னம்மாவா வரேல்லை" என்றார். "ஆரிட்டையேன் சொல்லவேணும். இஞ்சை கேக்கிறதுக்கெண்டு இருக்கிறது நீ ஒருத்திதான்."

"சொல்லுங்கோ."

"அவளின்ரை கடிதம் வந்தது. வெளிக்கிடுறதுக்கு முதல் கிழமை." சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு இருந்தார். "மாமிக்காரி அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுறேல்லையாம். எட்டுப் பவுண் எண்டுதானாம் கூப்பிடுறது. எட்டுப் பவுண், தேத்தண்ணி போட்டிட்டியோ. எட்டுப் பவுண், ஆர் ரெலிபோனிலை. வீட்டுக்கு வாற சனத்துக்கு முன்னாலையும். அவளின்ரை புருசன் பேசாமல் இருக்கிறானாம். முதல் சிரிச்சானாம், இப்ப சிரிக்கிறேல்லை, பேசாமல் இருக்கிறான் எண்டு எழுதியிருக்கிறாள். அது நல்லதோ கூடாதோ எண்டு எனக்கு விளங்கேல்லை."

நான் காத்திருந்தேன்.

"கடைசியிலை எழுதியிருக்கிறாள், அக்காட்டைச் சொல்லாதேங்கோ எண்டு."

வட்டியைப் பற்றி, வங்கியைப் பற்றி, அந்த நேர்முகத்தைப் பற்றி, சேர்த்த முக்கால் பவுணை எல்லாருமாகச் சாப்பிட்டதைப் பற்றி, சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. எல்லாம் உண்மை, எல்லாம் என் நாட்குறிப்பில் திகதியோடு இருந்தவை. அவற்றில் ஒன்றைச் சொன்னாலும் அவர் எழும்பிப் போய்விடுவார் என்று எனக்குத் தெரியும். நான் படித்தது அவ்வளவுதான்.

"உங்கடை பிள்ளையை அப்பிடிக் கூப்பிடுகினம் எண்டு நினைக்க, உங்களுக்குத் தாங்கேலாமல் இருக்கு" என்றேன்.

"ஓம்" என்றார் சின்னம்மா. "தாங்கேலாமல் கிடக்கு." பிறகு அழத் தொடங்கினார். அழாதேங்கோ என்று நான் சொல்லவில்லை. அவர் சித்தப்பாவைப் பற்றிச் சொன்னார், காப்பைத் தெரிவு செய்த அந்த மனிதரின் விரல்களைப் பற்றிச் சொன்னார், என்னைப் பற்றி, நான் அந்த இடத்தில் இல்லாதது போல, "அவளை நம்பினன்" என்று சொன்னார். "அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளா இருந்தாலாவது ஏசிப்போட்டு இருக்கலாம்." நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வரிசையில் ஒரு குழந்தை கத்திக்கொண்டிருந்தது.

முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

"நாளைக்கும் இருப்பியோ?"

"ஓம், சின்னம்மா."

மண்டபத்துக்குத் திரும்பி, அம்மா இருந்த பக்கத்தைப் பாராமல் நடந்து, யன்னலடிக்குப் போனார். நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன்.